பொதுச்சுவர் ஏன் குளிர்ந்தது: ஒரு பழைய வீட்டின் இன்சுலேஷன் ஆய்வு

"இந்தச் சுவர்ப் பக்கம் படுத்தா முதுகெல்லாம் சில்லுனு ஆகுதுடி" என்று அம்மா சொன்னது இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில். நான் நம்பவில்லை. அவர் கை காட்டியது வெளிச்சுவரை அல்ல, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரை. அந்தப் பக்கமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அங்கேயும் ஹீட்டர் ஓடுகிறது, இரண்டு பக்கமும் சூடாக இருக்கும்போது நடுவில் நிற்கிற சுவர் எப்படிக் குளிரும் என்று கேட்டேன். கட்டிலை இடம் மாற்றிப் போட்டு, கனமான கம்பளி ஒன்றையும் கொடுத்து, அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். அம்மா சொன்னதுதான் சரி என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் பரண் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்பதை முழுசாக எழுதிவைக்கிறேன். பழைய குளிர் வீட்டில் இருக்கிறவர்கள் வெப்பக்காப்புப் பஞ்சு (வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்க விரிப்பது) வாங்கப் போவதற்கு முன் ஒருமுறை படிக்கட்டும்.

வீட்டைப் பற்றி முதலில். வரிசை வீடுகளில் நடு வீடு. 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், இரண்டு தளம், மேலே சாய்வுக் கூரை, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் குனிந்து நடக்கிற அளவுக்குப் பரண். கட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்சுவரும் பின்சுவரும் இரட்டை அடுக்கு: வெளியே செங்கல், உள்ளே கான்கிரீட் கல், நடுவில் 6 செ.மீ. வெற்றிடம். தரைத்தளத்தில் மரப்பலகைத் தரை, அதன் அடியில் காலி இடம். ஜன்னல்கள் பழைய இரட்டைக் கண்ணாடி. பரணில் யாரோ எப்போதோ விரித்துவிட்டுப் போன கண்ணாடிப் பஞ்சு. விரித்தபோது 100 மி.மீ. இருந்திருக்கும், நாங்கள் அளந்தபோது அமுங்கி 70 ஆகியிருந்தது.

எங்கே எவ்வளவு வெப்பம் போகிறது என்று காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இதற்கு யூ-மதிப்பு என்ற ஒரு எண் போதும்: உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியே போகிறது என்பது. நடுவில் காலியாக இருக்கிற இரட்டைச் சுவருக்கு ஏறக்குறைய 1.5, பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, 70 மி.மீ. பஞ்சு விரித்த சீலிங்குக்கு 0.46, எங்கள் தரைக்கு 0.6 என்று எடுத்துக்கொண்டேன். முன்பின் சுவர்கள் ஜன்னல் போக 44 சதுர மீட்டர், ஆக ஒரு டிகிரிக்கு 66 வாட். ஜன்னலும் கதவும் 16 சதுர மீட்டர், 45 வாட். பரண் வழியாக 25, தரை வழியாக 32. அப்புறம் காற்று. வீட்டின் கொள்ளளவு 270 கன மீட்டர், பழைய வீடு என்பதால் மணிக்கு 0.7 பங்கு காற்று மாறும் என்று ஊகம், ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி வேண்டும், ஆக 62 வாட். எல்லாம் கூட்டினால் ஒரு டிகிரிக்கு 230 வாட். இரண்டு பக்கப் பொதுச்சுவர்களுக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன், அந்தப் பூஜ்யத்தை இரண்டாவது தடவை யோசிக்கக்கூட இல்லை.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. வீட்டில் எரிவாயு கிடையாது, சூடு முழுக்க மின்சாரம்தான். வீட்டுக்குள் செலவாகிற மின்சாரம் விளக்கோ டிவியோ ஃபிரிட்ஜோ எதில் போனாலும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. வெயிலே இல்லாத, மேகம் மூடிய இரண்டு நாட்களைப் பார்த்து மீட்டரைப் படித்தேன். உள்ளே சராசரி 19 டிகிரி, வெளியே 3, வித்தியாசம் 16. ஒரு நாளைக்கு 118 யூனிட். 24 மணி நேரத்தால் வகுத்தால் 4.9 கிலோவாட். நான்கு பேரின் உடல் சூட்டுக்கு 0.3 கூட்டி, குளித்து வடிகாலில் போன வெந்நீருக்கு 0.2 கழித்தால் 5 கிலோவாட். 16-ஆல் வகுக்க, ஒரு டிகிரிக்கு 312 வாட். நான் காகிதத்தில் போட்டது 230.

82 வாட் எங்கே போகிறது? முன்சுவர் பின்சுவர் இரண்டும் சேர்ந்ததைவிடப் பெரிய ஏதோ ஒன்று என் கணக்கிலேயே இல்லை. பரணில் பஞ்சே இல்லாமல் இருந்தால் அந்தச் சீலிங்கின் யூ-மதிப்பு 2.3 ஆகும், அதாவது 25-க்குப் பதில் 124 வாட். ஆக, பழைய பஞ்சு கெட்டுப்போய்விட்டது, பாதி வேலைகூடச் செய்வதில்லை, 82 அங்கேதான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பார்க்க நியாயமான முடிவுதான். அதை ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், செய்யவில்லை.

தம்பியும் நானும் ஒரு சனி, ஞாயிறு முழுக்க முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சீலிங்கைத் தாங்கும் மரச்சட்டங்களில் சட்டத்துக்குச் சட்டம் கால் வைத்து நகர்ந்து, பழைய பஞ்சின் மேலேயே 200 மி.மீ. புதுப் பஞ்சை விரித்தோம். (சட்டத்தில் மட்டும்தான் மிதிக்க வேண்டும், நடுவில் கால் வைத்தால் சீலிங் உடைந்து கால் கீழ் அறைக்குள் தொங்கும்.) பார்க்க மிக அழகாக இருந்தது, சுவருக்குச் சுவர் மஞ்சள் மெத்தை போட்ட மாதிரி. அதே மாதிரி மேகமூட்டமான நாட்கள் வரும்வரை காத்திருந்து மீட்டரைப் படித்தேன். 113 யூனிட். கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கு 300 வாட். 12 வாட் குறைவு, அந்த அளவு வித்தியாசம் இந்த மீட்டர் முறையின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதைவிட மோசமானது இரண்டு வாரம் கழித்து வந்தது. கடும் குளிர்க் காலை ஒன்றில் பரண் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருக்கும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு மணி, அரிசி அளவில், சிலதில் பட்டாணி அளவில். உறைபனி. நூற்றுக்கணக்கான ஆணி, வரிசை வரிசையாக. மதியம் கூரையில் வெயில் பட்டதும் எல்லாம் உருகிச் சொட்ட ஆரம்பித்தது, புதுப் பஞ்சின் மேல் புள்ளி புள்ளியாக ஈரம். போன குளிர்காலத்தில் இது இல்லை. ஏன் இல்லை என்றால், போன வருடம் கீழிருந்து போன சூட்டில் பரண் ஓரளவு வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது பஞ்சு போட்டதில் பரண் குளிர்ந்துவிட்டது, ஆனால் கீழிருந்து ஈரக்காற்று ஏறுவது மட்டும் நிற்கவே இல்லை, ஏறி வந்த ஈரம் குளிர்ந்த ஆணியில் படிந்து உறைகிறது. அப்படியே விட்டிருந்தால் நாலைந்து வருடத்தில் கூரைப் பலகை கறுத்து இற்றுப்போயிருக்கும்.

கண்ணாடிப் பஞ்சு காற்றைத் தடுக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பஞ்சின் வேலை, தனக்குள் இருக்கும் காற்றை அசையாமல் பிடித்துவைப்பது. அசையாத காற்று நல்ல வெப்பக்காப்பு, அதனால்தான் பஞ்சும் வெப்பக்காப்பு. ஆனால் அடியிலிருந்து அழுத்தத்தோடு காற்று ஏறினால் பஞ்சு அதை வடிகட்டுமே தவிர நிறுத்தாது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு காற்றில் நின்று பாருங்கள், அதே நிலைதான்.

இந்தத் தடவை எதையும் வாங்குவதற்கு முன் காற்று எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். வாசல் கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, உள்ளே 50 பாஸ்கல் அழுத்தக் குறைவை உண்டாக்கிச் செய்யும் புளோவர் டோர் சோதனைக்கு ஒருவரை வரவழைத்தோம். 50 பாஸ்கல் என்றால், மணிக்கு 32 கி.மீ. வேகக் காற்று வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கிற மாதிரி. மணிக்கு 14 முறை வீட்டுக் காற்று முழுக்க மாறுகிறது என்று வந்தது. இதை 20-ஆல் வகுத்தால் சாதாரண நாளில் மாறும் அளவு உத்தேசமாகக் கிடைக்கும்: 0.7. அதாவது காற்றுக்கு நான் போட்ட ஊகம் சரிதான், காணாமல் போன 82 அதில் இல்லை. ஜெர்மனியில் 1990-களில் உருவான பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த சூடாக்கலே போதுமான வீடு) தரத்தில், எங்களுக்கு 14 என்று வந்த அந்த 50 பாஸ்கல் எண் 0.6-ஐத் தாண்டக்கூடாது, அது புது வீட்டுக்கான இலக்கு. பழைய வீட்டில் 10, 15 என்று வருவது சகஜம்.

எண்ணைவிட, விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டைச் சுற்றி வருவதுதான் முக்கியம். கையில் ஒரு ஊதுபத்தி போதும். ஜன்னல் ஓரம், சுவரடிப் பட்டை, பரண் மூடி, குழாய் சுவருக்குள் நுழையும் இடம் எல்லாம் எதிர்பார்த்தபடி புகையைக் கலைத்தன. எதிர்பாராத இடம் அம்மாவின் அறை. பொதுச்சுவரில் இருக்கிற சுவிட்ச் பெட்டிக்கு நேரே பிடித்ததும் புகை கயிறு அறுந்த மாதிரி படுக்கைவாட்டில் அறைக்குள் பறந்தது. பெட்டியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் 7 டிகிரி. வெளியே அப்போது 2. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வரவேற்பறை, அங்கே 20 டிகிரி. அப்படியிருக்க 7 டிகிரிக் காற்று அந்தச் சுவருக்குள் எங்கிருந்து வந்தது?

மறுநாள் விடியற்காலையில் ஒரு தெர்மல் கேமராவை (சுவரின் சூட்டைப் படமாகக் காட்டுவது) இரவல் வாங்கிப் பார்த்தேன். (உள்ளேயும் வெளியேயும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும், சுவரில் வெயில் பட்டிருக்கக்கூடாது, கண்ணாடியும் பளபளப்பான உலோகமும் எதிரொளிப்பைக் காட்டி ஏமாற்றும், அவற்றில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.) வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சாதாரணச் சுவர் 19.5. பொதுச்சுவர் நடுப்பகுதியில் 17.5. அது முன்சுவரைத் தொடும் மூலையில் 15. அம்மாவின் கட்டில் முதலில் கிடந்தது அந்த மூலையில்தான்.

அன்று மதியமே பரணில் ஏறி, விரித்த பஞ்சையெல்லாம் பொதுச்சுவர் ஓரமாகச் சுருட்ட ஆரம்பித்தோம். புதுப் பஞ்சைத் தூக்கினோம், ஒன்றும் இல்லை. பழைய பஞ்சைத் தூக்கிய தம்பி, "அக்கா, இங்க கருப்பா இருக்கு பாரு" என்றான். மஞ்சள் பஞ்சின் அடிப்பக்கம், சுவர் நெடுக, ஒரு கையகலத்துக்குக் கரி பூசின மாதிரி கறுப்பு. முதலில் பூஞ்சணம் என்று நினைத்தோம். விரலில் தேய்த்தால் மாவு மாதிரி தூசி, ஈரமே இல்லை. ஐம்பது வருடமாக அந்த வழியாக ஏறிப்போன காற்றின் தூசியைப் பஞ்சு வடிகட்டி வைத்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நேர் கீழே பார்த்தால், பொதுச்சுவரும் இரட்டை அடுக்கு. பரணுக்குள் வரும்போது பக்கத்து வீட்டு அடுக்கு மட்டும் கூரைவரை ஏறுகிறது, எங்கள் அடுக்கு சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் 6 செ.மீ. இடைவெளி, மேல்மூடி எதுவும் இல்லாமல், வீட்டின் முழு நீளத்துக்கும் வாயைத் திறந்துகொண்டு. கையை வைத்தேன். மூச்சுவிடுகிற மாதிரி வெதுவெதுப்பான காற்று, நிற்காமல். டார்ச்சைக் கீழே அடித்தால் அடி தெரியவில்லை. எதிர்ப்பக்கச் சுவரிலும் இதே கதை.

இரண்டு வீடும் அந்தச் சுவரின் இரு அடுக்கையும் சூடாக்குகின்றன, நடுவில் இருக்கும் காற்று சூடாகி மேலே எழுந்து பரணுக்குள் போகிறது, அது விட்ட இடத்தை நிரப்ப முன்பின் சுவர்களின் இடைவெளியிலிருந்தும் தரைக்கு அடியிலிருந்தும் குளிர்காற்று உள்ளே வருகிறது. அடுப்பே இல்லாத புகைபோக்கி, பகலும் இரவும் ஓடுகிறது. அதன் மேல் எவ்வளவு தடிமனாகப் பஞ்சை விரித்தாலும் காற்று பஞ்சுக்குள் புகுந்து, அல்லது ஓரமாக நழுவி, போய்க்கொண்டேதான் இருக்கும். இந்தக் காற்று அறைக் காற்று அல்ல என்பதால் புளோவர் டோர் எண்ணிலும் இதன் பெரும்பகுதி தெரியவில்லை. சுவிட்ச் பெட்டி ஓட்டை வழியாக ஒரு சிறு துளி மட்டும் காட்டிக்கொடுத்தது.

இது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பின் வரிசை வீடுகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அளந்தார்கள். பரண் வழியாகப் போன வெப்பம் கணக்கில் வந்ததைவிடப் பல மடங்கு இருந்தது. காரணம், பொதுச்சுவரின் பொள்ளல் கான்கிரீட் கற்கள் வழியாகவும், குழாய்கள் ஏறும் இடங்கள் வழியாகவும் பஞ்சைச் சுற்றிக்கொண்டு பரணுக்குப் போன வெப்பம். பிறகு 2000-களில் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் புரூக் என்ற இடத்தில், நன்றாகக் கட்டிய புது வீடுகளிலேயே லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தினர் இதே பொதுச்சுவர் கசிவை அளந்து காட்டினார்கள். 2010-இல் இங்கிலாந்துக் கட்டட விதிகள் மாறின. அதுவரை பூஜ்யம் என்று வைத்திருந்த பொதுச்சுவருக்கு, இடைவெளி காலியாகவும் ஓரங்கள் திறந்தும் இருந்தால் 0.5, ஓரத்தை மட்டும் அடைத்தால் 0.2, முழுக்க நிரப்பி ஓரத்தையும் அடைத்தால் மட்டுமே பூஜ்யம் என்று ஆனது. என் வீட்டில் பொதுச்சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து 90 சதுர மீட்டர். 0.5-ஆல் பெருக்கினால் 45 வாட். காணாமல் போன 82-இல் பாதிக்கு மேல் அங்கே நின்றது. மிச்சம், அதே பரணில் திறந்து கிடந்த மற்ற ஓட்டைகள்.

அந்த மற்ற ஓட்டைகளையும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாப் பழைய வீட்டிலும் இவை இருக்கும். குளியலறையில் கழிவுக் குழாயை மறைக்க ஒரு மரப்பெட்டி கட்டியிருந்தார்கள், அது 30-க்கு 40 செ.மீ. அளவில் மேலே பரணுக்குள் முழுசாகத் திறந்திருந்தது. உள்சுவர்களின் தலைப்பகுதியில் ஒயர் இறங்குகிற துளைகள், ஒவ்வொன்றும் ஒயரைவிட மூன்று மடங்கு பெரியவை. பரண் மூடி வெறும் 12 மி.மீ. பலகை, சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும்விடக் கோபம் வரவைத்தது குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: அதைப் பொருத்தியவர் குழாயை வெளிச்சுவர்வரை கொண்டுபோகாமல் பரணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். நான்கு பேர் குளிக்கிற நீராவி முழுக்கத் தினமும் நேராகப் பரணுக்கு. ஆணியில் உறைந்ததில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. சூடான காற்று இலேசானது, வீட்டின் உச்சியிலுள்ள ஓட்டை வழியாக வெளியேறும், அது வெளியேறினால்தான் கீழே குளிர்காற்று நுழையும். கீழே சுவரடிப் பட்டையில் கால் விறைக்கிற அளவுக்குக் காற்று வந்ததற்குக் காரணம் மேலே பரணில் இருந்த ஓட்டைகள். அதனால் மேலேயிருந்து கீழே வந்தோம், கீழ்த்தளத்து ஜன்னல் ஓரத்தைக் கடைசியாகத்தான் தொட்டோம்.

வேலை நடந்த விதம் இது. பொதுச்சுவர் என்பதால் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் பேசினோம். கறுத்த பஞ்சைக் கையில் கொண்டுபோய்க் காட்டினேன், வேறு விளக்கம் தேவைப்படவில்லை, அவர்கள் வீட்டு வெப்பமும் அதே வழியில்தானே போகிறது. முதலில் ஒரு சிறு துளை போட்டு, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இடைவெளியில் சாந்துக் குப்பை, ஈரம், ஒயர் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு பொதுச்சுவர் இடைவெளியையும் முன்பின் சுவர்களின் இடைவெளியையும் ஒரே நாளில் கனிமப் பஞ்சை ஊதி நிரப்பினார்கள். ஒரே நேரத்தில் செய்ததற்குக் காரணம் உண்டு: பொதுச்சுவர் முன்சுவரோடு சேரும் ஓரம்தான் குளிர்காற்று நுழையும் வாசல், இரண்டும் நிரம்பினால் அந்த ஓரம் தானாக அடைபடும். மேல்வாயைக் கனமான கல்பஞ்சால் இறுக அடைத்து மேலே சாந்து பூசினோம். அந்த இடத்தில் இடுக்கு அடைக்கும் நுரையை (ஃபோம்) அடிக்காதீர்கள். அது இரண்டு வீட்டுக்கும் நடுவில் தீ பரவாமல் காக்கிற இடம், எரியாத பொருள் மட்டும்தான் அங்கே போக வேண்டும்.

குழாய்ப் பெட்டியின் வாயை ஜிப்சம் பலகை வெட்டி மூடி ஓரம் முழுக்க சீலன்ட் (இடுக்கு அடைக்கும் பசை) இழுத்தோம், ஒயர்த் துளைகளை அடைத்தோம், பரண் மூடிக்கு நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, மேலே 100 மி.மீ. வெப்பக்காப்புப் பலகை வைத்து, இறுக்கிப் பிடிக்கக் கொக்கி போட்டோம். எக்ஸாஸ்ட் ஃபேன் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே விட்டோம், பரணில் ஓடுகிற நீளத்துக்கு அதன்மேல் பஞ்சு சுற்றினோம், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே நீர் திரண்டு திரும்ப ஃபேன் மேல் சொட்டும். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஒயர்களைப் பஞ்சுக்கு மேலே தூக்கிக் கட்டினார். பஞ்சுக்கு அடியில் புதைந்த ஒயர் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் அளவுக்கு மீறிச் சூடாகும். சீலிங்கில் பதித்த விளக்குகளுக்குத் தீத்தாங்கும் மூடி போட்டார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பஞ்சைத் திரும்ப விரித்தோம். கீழ் அடுக்கு சட்டங்களுக்கு நடுவில், மேல் அடுக்கு சட்டங்களுக்குக் குறுக்கே, மொத்தம் ஏறக்குறைய 300 மி.மீ. கூரை இறங்கி முடிகிற ஓரத்தில் மட்டும் 50 மி.மீ. வழி விட்டோம். பரணுக்கு வெளிக்காற்று வேண்டும், அந்த வழியைப் பஞ்சைத் திணித்து மூடிவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிற தவறு. ஊதுபத்தியோடு இரண்டாவது தடவை புளோவர் டோர் போட்டதில் 14 என்பது 8 ஆகியிருந்தது. அம்மா அறையின் சுவிட்ச் பெட்டிக்கு நேரே புகை நேராக ஏறியது.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அடியில் தவழ்ந்து போகிற அளவு இடம் இருந்ததால், சட்டங்களுக்கு நடுவில் வலை கட்டி 100 மி.மீ. பஞ்சு வைத்து, கீழ்ப்பக்கம் ஈரம் வெளியேறவிடும் தாளால் மூடினோம். வெளிச்சுவரிலுள்ள காற்றுத் துளைகளை அடைக்கவில்லை, அவை அடைபட்டால் சட்டம் உளுத்துப்போகும். ஜன்னலை மாற்றவில்லை. 2.8-லிருந்து 1.3-க்குப் போனால் 24 வாட் மிச்சம், ஆனால் பொதுச்சுவரை அடைத்ததே அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்தது, செலவோ அதில் ஒரு சிறு பங்கு. ரப்பர் பட்டைகளை மட்டும் புதிதாக மாற்றினோம். குளிருகிறது என்றதும் எல்லோரும் முதலில் ஜன்னலைத்தான் மாற்றுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பூஞ்சணத்தையும் சொல்ல வேண்டும். பின்னறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் மூலை கறுத்துக்கொண்டே இருந்தது, துடைத்தால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்று 9.3 டிகிரிப் பரப்பைத் தொட்டால்தான் நீராகத் திரளும். ஆனால் பூஞ்சணத்துக்கு நீர் தேவையில்லை, சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனாலே போதும், அது 12.6 டிகிரியிலேயே வந்துவிடும். எங்கள் மூலை 12 டிகிரியில் இருந்தது. சுவர் நிரம்பியபின் அதே மாதிரிக் குளிரில் 16. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போட்டோம், கறுப்பு திரும்ப வரவில்லை. காற்றை அடைத்தால் ஈரம் கூடும் என்று பயந்து ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்தேன், குளிர்காலம் முழுக்க 45-க்கும் 55-க்கும் நடுவில் நின்றது. ஃபேன் ஒழுங்காக வெளியே தள்ளுவதும், புளோவர் டோர் சோதனையில் வந்த 8 என்ற கசிவு இன்னும் மிச்சம் இருப்பதும் காரணம். இதைவிட இறுக்கமாக அடைப்பதாக இருந்தால் காற்று வருவதற்கென்று தனியாக வழி வைத்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. வீட்டில் எரிவாயு, விறகு, எண்ணெய் எதையாவது எரிக்கிறீர்கள் என்றால், அடைப்பு வேலைக்கு முன்னும் பின்னும் புகைபோக்கி இழுப்பைச் சோதிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வைக்க வேண்டும், காற்றுக் குறைந்தால் புகை அறைக்குள் திரும்பும். பரணில் பஞ்சுக்குப் பதில் சரளை மாதிரி, மினுமினுக்கும் சாம்பல் பழுப்பு நிறத் துகள் கொட்டியிருந்தால் அதைக் கிளறவே வேண்டாம். அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சோதித்த பிறகுதான் அடுத்த வேலை. மழைச்சாரல் பலமாக அடிக்கும் சுவரையும், ஏற்கெனவே ஈரம் ஏறிய சுவரையும் அப்படியே நிரப்பக்கூடாது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். இடைவெளியே இல்லாத கனமான செங்கல் சுவர் என்றால் அது வேறு கதை: உள்பக்கம் வெப்பக்காப்பு ஒட்டினால் செங்கல் முன்பைவிடக் குளிரும், அதில் செருகியிருக்கும் மர உத்தர முனைகள் ஈரம் கோத்து இற்றுப்போகும், முடிந்தால் வெளிப்பக்கம் போடுவதே நல்லது.

அடுத்த குளிர்காலத்தில், உள்ளே 19, வெளியே 3, மேகம் மூடிய நாள் ஒன்று கிடைத்ததும் மீட்டரைப் படித்தேன். 55 யூனிட். முதல் வருடம் 118. ஒரு டிகிரிக்கு 150 வாட், முன்பு 312. பரணுக்குப் போய்ப் பார்த்தேன், ஆணி முனைகள் காய்ந்திருந்தன, மூடிக்குப் பக்கத்தில் மட்டும் நாலைந்து ஆணியில் லேசான வெள்ளை. ரப்பர் பட்டை ஒரு மூலையில் சரியாக அமுங்கவில்லை, கொக்கியை ஒரு திருகு உள்ளே தள்ளிப் போட்டதும் அதுவும் போனது.

புதுக் கணக்கில் இப்போது 127 வர வேண்டும்: காற்று 36, ஜன்னல் 45, சுவர் 24, தரை 14, பரண் 8. 150-க்கும் அதற்கும் நடுவில் இன்னும் 23 வாட் விளக்கமில்லாமல் நிற்கிறது. இந்தத் தடவை ஊகத்தை நம்பி எதையும் வாங்கவில்லை. தெர்மல் கேமராவைத் திரும்ப வாங்கிப் பார்த்ததில் ஜன்னல்களுக்கு மேலே கான்கிரீட் விட்டம் 13.5 டிகிரியில் நீளமாக ஒரு கோடு காட்டுகிறது, உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்குவரை ஒரே துண்டாகப் போகிற விட்டம், இடைவெளியை நிரப்பியதில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் கட்டில் பழைய இடத்துக்கே, அந்தப் பொதுச்சுவர் மூலைக்கே வந்துவிட்டது. "இப்ப ஜன்னலுக்கு மேலதான் கொஞ்சம் குளிரு இறங்குது" என்கிறார். விட்டத்தின் உள்பக்கம் ஒட்ட மெல்லிய பலகை ஒன்றை அளந்து வைத்திருக்கிறேன்.